தீப்பொறிக்கு எவ்வளவு அட்வான்ஸ்?

வங்கிக்காரனிடம் போய் 'அட்வான்ஸ்' என்று சொன்னால் அவன் காதில் கடன் என்றுதான் விழும். 'டெபாசிட் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு' என்று மேலிடம் கேட்டுக் கேட்டு இருபது வருடமாகப் பழகிப் போன காது இது. ஆனால் நான் பிறந்து வளர்ந்த தென்காசி வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். 'வண்டி கொஞ்சம் அட்வான்ஸா நிக்கி' என்று அப்பா சொன்னால், தீப்பொறி கொஞ்சம் முந்திக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்பா டாக்ஸி ஓட்டியவர். 1972 மாடல் அம்பாசடர், மார்க் 2.

இப்போது நான் இருப்பது ஸ்ரீ சிட்டி பக்கம். தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து வடக்கே 55 கிலோமீட்டர், ஆந்திர எல்லையைத் தாண்டியவுடன், தடா ரயில் நிலையத்துக்கு மேற்கே, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-ல் தொடங்கப்பட்ட தொழில் நகரம். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலுக்குப் பிறகு திருப்பதி மாவட்டம். சென்னைக்காரர்களுக்கு இது பக்கத்து வீடு. தென்காசிக்காரனுக்கு எழுநூறு கிலோமீட்டர். இந்தூர், கொல்கத்தா என்று சுற்றிவிட்டு வந்தவனுக்கு, தெருவில் பாதிப்பேர் தமிழ் பேசுவதே பெரிய ஆறுதல். (மகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறாள். வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லித் தருகிறாள். நான்தான் மக்கு மாணவன்.)

தினமும் போகிற வழியில் இசுசு தொழிற்சாலை. 107 ஏக்கர். 2016 ஏப்ரலில் திறந்தார்கள். உள்ளே இருந்து வெளியே வருகிற பிக்கப் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். அத்தனையும் டீசல். டீசலுக்குத் தீப்பொறியே கிடையாது. எங்கள் வீட்டில் நாற்பது வருடம் சோறு போட்டதும், ஒருமுறை அப்பாவின் கையை ஒடித்ததும் அந்தத் தீப்பொறிதான்.

போன மாதம் ஊரில் நடந்த ஒரு விஷயத்தால் இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பி.காம். படித்தவன் இஞ்சினைப் பற்றி எழுதுகிறானே என்று மெக்கானிக்கல் நண்பர்கள் அடிக்க வராதீர்கள். எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

முதலில் செக் கணக்கு

வெளியூர் செக் காசாக மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெள்ளிக்கிழமை பணம் வேண்டும். வெள்ளிக்கிழமை செக் போட்டால் ஆகுமா? செவ்வாய்க்கிழமையே போட வேண்டும். ஸ்பார்க் அட்வான்ஸ் என்பது இவ்வளவுதான்.

பெட்ரோல் இஞ்சினில் பிளக் பொறி விட்டவுடன் 'டமார்' என்று வெடித்துவிடுவதில்லை. பொறி பட்ட இடத்திலிருந்து தீ பரவ வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கணக்குக்காக 2 மில்லி விநாடி என்று வைப்போம். பிஸ்டன் உச்சிக்குப் போய்விட்டுக் கீழே இறங்கத் தொடங்கி, கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பிய இடத்தில் உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருந்தால் உதை முழுசாகக் கிடைக்கும். அப்படியென்றால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, உச்சிக்கு முன்பே பொறி விட்டாக வேண்டும்.

எவ்வளவு முன்பு? இங்கேதான் சிக்கல். இஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் 2 மில்லி விநாடியில் கிராங்க் 7 டிகிரி சொச்சம் திரும்பும். 3000 சுற்று என்றால் அதே 2 மில்லி விநாடியில் 36 டிகிரி. செக் காசாகும் நேரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் காலண்டர் வேகமாக ஓடுகிறது. அதனால் வேகம் கூடக் கூட முன்கூட்டியே போட வேண்டும்.

அதிகமாக முந்திவிட்டால்? மேலே வருகிற பிஸ்டனை எரிகிற வாயு எதிர்த்துத் தள்ளும். பொறியிலிருந்து தீ வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் 'நாக்கிங்'. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி சத்தம். தொடர்ந்து விட்டால் பிஸ்டன் ஓட்டையாகும். தாமதித்தால்? பிஸ்டன் பாதி கீழே போன பிறகு எரிந்து என்ன பயன்? இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும், சைலன்சர் பக்கம் சூடேறும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் நஷ்டம். எங்கள் துறை அட்வான்ஸுக்கும் இது பொருந்தும் :-)

கையால் தள்ளிய காலம்

ஆரம்பகாலக் கார்களில் இதையெல்லாம் ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டைம்லர், மைபாக் செய்த முதல் இஞ்சின்களில் பொறியே இல்லை. வெளியே விளக்கால் சூடாக்கிய ஒரு குழாயின் உள்பக்கம் பட்டுத்தான் கலவை பற்றும். நேரத்தை யாரும் கட்டுப்படுத்த முடியாது. பென்ஸ் 1886-ல் ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் பேட்டரியும் காயிலும் வைத்துப் பொறி விட்டார். 1902-ல் பாஷ் நிறுவனத்தின் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னட்டோவைக் கொண்டுவந்தார்.

பொறி வந்துவிட்டது. நேரம்? அதற்கு ஸ்டியரிங்கிலேயே ஒரு நெம்புகோல். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஸ்டியரிங்கின் வலப்பக்கம் ஆக்ஸிலரேட்டர் கம்பி, இடப்பக்கம் ஸ்பார்க் கம்பி. ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்பார்க்கைத் தாமதத்தில் வைக்க வேண்டும். வண்டி வேகமெடுக்க எடுக்க முன்னே தள்ள வேண்டும். மேட்டில் இஞ்சின் திணறினால் மறுபடி பின்னே இழுக்க வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை இதில், காது முழுக்க இஞ்சினில். அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இருந்த மரியாதையில் ஒரு பங்கு இந்தக் கம்பியால் வந்தது என்று நினைக்கிறேன்.

மறந்துபோய் ஸ்பார்க்கை முன்னே தள்ளி வைத்துவிட்டு ஹேண்டில் போட்டால்? பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே வெடித்து, இஞ்சின் பின்னோக்கி ஒரு உதை விடும். கையில் இருக்கும் ஹேண்டில் அதே வேகத்தில் திரும்பி மணிக்கட்டில் அடிக்கும். இது எவ்வளவு சகஜமாக நடந்தது என்றால், மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்பில் விழும் ஒரு வகை முறிவுக்கு மருத்துவப் புத்தகங்களில் 'டிரைவர் முறிவு' என்றே பெயர் வந்துவிட்டது. கையால் ஹேண்டில் போடுவது போயே விட்டது, பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.

கல்லாப்பெட்டியிலிருந்து வந்தவர்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கடைகளில் 'டிங்' என்று திறக்குமே, அந்தக் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயங்க வைத்தவர் அவர். (நம்ம இனம்!) பிறகு எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1909-ல் 'டெல்கோ' நிறுவனம். 1910 மாடல் கேடிலாக் காரில் இவர்களுடைய பேட்டரி இக்னிஷன். 1912 மாடலில் ஹேண்டிலே தேவையில்லாத செல்ஃப் ஸ்டார்ட்டர். கல்லாப்பெட்டியைத் திறக்கக் கொஞ்ச நேரம் மட்டும் பலமாகச் சுற்றும் மோட்டார் போதும் என்று கண்ட அனுபவம்தான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் உதவியது.

கெட்டரிங் முறை எளிமையானது. பேட்டரியிலிருந்து காயிலுக்குள் மின்சாரம் ஓடும். 'பாயிண்ட்' என்று நாம் சொல்கிற சின்ன ஸ்விட்ச் திறந்தவுடன் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டன்சர். எழும்பிய மின்சாரத்தை ரோட்டார் என்கிற சுழலும் கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிடும். பங்கிடுவதால்தான் டிஸ்ட்ரிபியூட்டர். அம்பாசடரில் முறை 1-3-4-2. நான்கு சிலிண்டர் இஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 பொறி. பாயிண்டின் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, விசிட்டிங் கார்டு கனத்தைவிடச் சற்றுக் கூட. அப்பா அவசரத்துக்கு கார்டுதான் வைத்துப் பார்ப்பார்.

இரண்டு குண்டும் ஒரு சவ்வும்

டிஸ்ட்ரிபியூட்டர் வந்தவுடன் கம்பி போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டது. எப்படி என்று பாருங்கள். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு சுழலும் குண்டுகளை வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், குறைந்தால் ஒடுங்கும். ராட்டினம் வேகமெடுத்தால் தொங்கும் நாற்காலிகள் வெளியே விரிகிறதே, அதே விஷயம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டுக்குக் கீழே இதே மாதிரி இரண்டு சின்ன எடைகள், இரண்டு ஸ்பிரிங். இஞ்சின் வேகமெடுத்தால் எடைகள் விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமை அது சுற்றும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் முன்னே திருப்பிவிடும். பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 15 டிகிரி முந்தினால் கிராங்கில் 30 டிகிரி. இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே பலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று மெல்லியது, ஆரம்ப வேகத்திலேயே விட்டுக்கொடுக்கும். இன்னொன்று தடித்தது, பிறகுதான் வேலைக்கு வரும். வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றுச் சுழற்சியும் கூடி, தீயும் வேகமாகப் பரவும். அதனால் அட்வான்ஸை அதே விகிதத்தில் ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. ஒரு அளவுக்கு மேல் தடுத்து நிறுத்த ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. மெல்லிய ஸ்பிரிங்குக்குப் பதில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் கெட்டது.

வேகம் மட்டும் போதுமா? போதாது. சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. நெருக்கம் இல்லாத கலவையில் தீ மெதுவாகத்தான் பரவும். இன்னும் முன்பே பொறி வேண்டும். மேட்டில் முழுசாக மிதித்தால் கலவை நெருக்கமாக நிரம்பி, வேகமாக எரியும். அட்வான்ஸைக் குறைக்க வேண்டும். ஆக, வேகத்துக்கு ஒரு கணக்கு, சுமைக்கு ஒரு கணக்கு.

இந்த இரண்டாவது கணக்குக்கு 1930களில் பரவிய விடைதான் வேக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தட்டையான தகர டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் ஒரு சவ்வு, அதில் கோர்த்த கம்பி. லேசாக மிதிக்கும்போது இஞ்சின் உறிஞ்சும் விசை இந்தக் குழாயில் அதிகம். சவ்வு உள்ளே இழுபட்டு, பாயிண்ட் இருக்கும் தட்டைக் கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பும். பொறி முந்தும். முழுசாக மிதித்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், ஸ்பிரிங் சவ்வைப் பின்னே தள்ளிவிடும். ஐடிலில் குழாயின் வாய் மூடியிருக்கும் இடத்தில் வைத்திருப்பதால் அப்போதும் வேலை இல்லை. கம்ப்யூட்டர் இல்லை, ஒரு சிப் இல்லை. இரண்டு குண்டும், இரண்டு ஸ்பிரிங்கும், ஒரு ரப்பர் சவ்வும் விநாடிக்கு நூறு முறை சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன.

பாடிக்கு வந்த கதை

இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைக் கோர்க்கத் தொடங்கியது. ஃபோர்டும் வந்தது. எல்லாம் வெளியிலிருந்து வந்த பாகங்கள். 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. மிச்சம் இருந்து கார் செய்தவர்களில் மூன்று பேர்தான் நமக்குப் பழக்கம்: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் (பிறகு பத்மினி) செய்த பிரீமியர், நம்ம வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு.

கார் இங்கே செய்தால் அதன் மின்சாமான்களும் இங்கே செய்ய வேண்டுமே. பர்மிங்காமின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கின. டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். அம்பத்தூர் பக்கம் போனவர்களுக்கு 'லூகாஸ்' என்பது ஒரு பஸ் ஸ்டாப். எங்கள் வீட்டில் அது கிட்டத்தட்டக் குலதெய்வம். மதுரையில் ஐயங்கார் ஆரம்பித்த பஸ் கம்பெனி, பர்மிங்காம் சரக்கைப் பாடியில் செய்து, உத்தர்பாராவில் செய்த காரில் மாட்டி, அது தென்காசி ஸ்டாண்டில் வந்து நின்றது. நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான்.

அம்பாசடரின் 1489 சிசி இஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி வடிவமைப்பு. இதில் இருந்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் எனக்குப் பிடித்த பாகம் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு. ஒரு பக்கம் திருகினால் அட்வான்ஸ், மறுபக்கம் திருகினால் ரிடார்ட். கிளிக், கிளிக் என்று விரலுக்குத் தெரியும். பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலின் தரம் மாறினால் ஸ்பேனரே எடுக்காமல் திருத்திக்கொள்ளலாம்.

அப்பா டைமிங் வைக்கும் விதம் இது. ஹேண்டிலால் இஞ்சினைத் திருப்பி, புல்லியில் இருக்கும் குறியை அதன் இடத்துக்குக் கொண்டுவருவார். 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலிலும் மற்றதைப் பாடியிலும் வைப்பார். சாவியைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். அங்கே டைட் பண்ணுவார். ஆனால் அது ஆரம்பம்தான். பிறகு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். டாப் கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று மிதிப்பார். லேசாக நாலைந்து கூழாங்கல் குலுங்கி, வேகம் எடுத்தவுடன் அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஒரு பக்கம் கிளிக், அடங்காவிட்டால் மறுபக்கம் கிளிக். முடிவில் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

1988

அந்த வருடம் சபரிமலை சீசன். அப்பா இல்லாத ஒரு மாலையில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பாயிண்ட் மாற்றினார்கள். அவசரம். டிஸ்ட்ரிபியூட்டர் நட்டை டைட் பண்ணும்போது நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குச் சவாரி, பேட்டரி வீக், ஹேண்டில்.

ஹேண்டில் போடுவதற்கு ஒரு விதி உண்டு. கட்டைவிரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், மேல்நோக்கி இழுக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. உதைத்தால் கை விலகிவிடும். அப்பாவுக்கு இது தெரியும், எனக்கே ஒன்பது வயதில் சொல்லிக் கொடுத்தவர். குளிரிலும் தூக்கத்திலும் கீழே அழுத்தினாரோ என்னவோ. கையால் சுற்றும் வேகத்தில் குண்டுகள் விரியாது, உறிஞ்சலும் இல்லை. அங்கே ஸ்க்ரூவில் வைத்த டைமிங் மட்டும்தான் பேசும். அது தப்பு. மணிக்கட்டு ஒடிந்தது.

இரண்டு மாதம் வண்டி ஓடவில்லை. சபரிமலை சீசன் போனால் டாக்ஸிக்காரனுக்கு வருடம் போனது மாதிரி. கடன் தவணை நின்றது. அம்மாவின் வளையல் போனது. கையில் கட்டோடு அப்பா வங்கிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மேனேஜர் அப்பாவை உட்காரச் சொல்லி, 'எப்ப வண்டி எடுப்பீங்க?' என்று மட்டும் கேட்டு, தவணையைத் தள்ளி எழுதிக் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். இன்றைக்கும் தவணை தவறிய டிரைவர் யாராவது என் முன்னால் வந்து நின்றால் முதலில் உட்காரச் சொல்வேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் போன கதை

பாயிண்ட் தேயும், ஸ்பிரிங் தளரும், சவ்வு கிழியும். முதலில் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வந்தது. பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. பாரத் ஸ்டேஜ் விதிகள் இறுக, கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. இன்றைய இஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். வேகத்தையும் சுமையையும் சென்சார்கள் பார்க்கும். கம்ப்யூட்டருக்குள் ஒரு அட்டவணை, இவ்வளவு வேகம் இவ்வளவு சுமை என்றால் இத்தனை டிகிரி. அப்பாவின் காதுக்குப் பதில் இஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார். குண்டும் சவ்வும் சொன்ன அதே பதிலைத்தான் அந்த அட்டவணையும் சொல்கிறது. இன்னும் நுணுக்கமாக, தேயாமல் சொல்கிறது.

அம்பாசடரிலும் 1990களின் தொடக்கத்தில் 1800 சிசி இஞ்சின் வந்தது. யாருடையது தெரியுமா? இசுசு. ஸ்ரீ சிட்டியில் ஆலை கட்டும் முன்பு இசுசு தன் வண்டிகளைச் செய்து வாங்கியதும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய திருவள்ளூர் ஆலையில்தான். நான் கொல்கத்தாவில் இருந்தபோது தெருவெல்லாம் மஞ்சள் அம்பாசடர். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றது. இன்று நான் இருப்பது இசுசு வாசலில். கணக்கு எங்கேயோ டேலி ஆகிறது.

டீசலுக்குத் தீப்பொறி இல்லை என்றேன் அல்லவா? அங்கேயும் தப்பிக்க முடியாது. டீசலைப் பீய்ச்சும் நேரத்தை வேகத்துக்கு ஏற்ப முந்த வைக்க வேண்டும். பழைய லாரிகளின் பாஷ் பம்புகளில் அதற்கும் இதே சுழலும் எடைகள்தான். ஆகப் பிரச்சினை பொதுவானது, தீர்வு மட்டும் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

போன மாதம்

டாக்ஸி பெர்மிட்டைச் சரண்டர் செய்து, சொந்த வண்டியாக மாற்றி, பல வருடமாக அம்பாசடர் வீட்டில் நிற்கிறது. அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. தம்பிதான் ஞாயிற்றுக்கிழமை எடுப்பான். கொஞ்ச நாளாக இழுவை இல்லை, மைலேஜ் இல்லை, சூடாகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினான். இஞ்சின் முடிந்தது, போரிங் பண்ணியே ஆக வேண்டும், இல்லையென்றால் டீசல் இஞ்சின் மாற்றிவிடலாம் என்று பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளவும் ஒரு பார்ட்டி தயார். தம்பி எனக்குப் போன் செய்தான், 'குடுத்திரலாம்ணே, இனிமே யாரு பாக்க?'

ஊருக்குப் போனேன். முடிவு சொல்லத்தான் போனேன், உண்மையைச் சொன்னால் விற்கிற முடிவோடுதான். அப்பா வீட்டுக்குள் நாற்காலியில் இருந்தபடியே இஞ்சின் ஓடுவதைக் கேட்டார். பிறகு, 'ஏல, கார்புரேட்டர்ல இருந்து வார அந்தச் சின்ன டியூபக் கழட்டி, வாயில வச்சு உறிஞ்சுல. உறிஞ்சிட்டு நாக்கால அடைச்சுக்கோ' என்றார்.

உறிஞ்சினேன். காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தது. சவ்வு நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் தட்டு நகரும், நாக்கு டியூபில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிற்கவில்லை. சவ்வு கிழிந்திருந்தது. லேசாக மிதிக்கும்போது கிடைக்க வேண்டிய அட்வான்ஸ் எத்தனையோ மாதமாகக் கிடைக்கவே இல்லை. தாமதமாக எரிந்து, பெட்ரோல் குடித்து, சூடேறி... இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. மதுரையில் ஒரு பழைய ஸ்பேர் கடையில் அந்த டப்பா கிடைத்தது. விலை நான்கு இலக்கத்தைத் தொடவில்லை.

மாட்டியவுடன், பல்பு வைத்து டைமிங் வைத்தேன். அப்பா சொல்லச் சொல்ல என் கை, நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக. பிறகு அவரை முன் சீட்டில் உட்கார வைத்து ஆரியங்காவு ஏற்றம். மிதித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'கேக்கா?' என்றார். 'இல்லப்பா.' 'எனக்குக் கேக்கு. ரெண்டு கிளிக் ரிடார்ட் பண்ணு.' பின் சீட்டிலிருந்து மகள் சொன்னாள், 'எனக்கும் கேட்டுச்சு தாத்தா.' எனக்குத்தான் கேட்கவில்லை.

விற்கவில்லை. 2021-ல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய, இஞ்சினும் பாடியும் மாற்றாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், தம்பியும் நானும் பாதிப் பாதி. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும் பராமரிப்புக்கும் எடுக்கலாம். டீசல் இஞ்சின் மாற்றியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். இது லாபக் கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும். என் மேஜைக்கு இப்படி ஒரு பிரபோசல் வந்தால் நானே ரிஜெக்ட் பண்ணுவேன்.

வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் இருக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பத்மினியோ ஹெரால்டோ அம்பாசடரோ நின்றிருக்கும். ஒரு அப்பாவோ சித்தப்பாவோ அதன் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லியிருப்பார். அடுத்த முறை போன் பேசும்போது 'சாப்பிட்டீங்களா' என்பதோடு நிறுத்தாமல், 'டைமிங் எப்படி வைப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். எங்கள் அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேத்தியோடுதான் பேசுகிறார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.